மீன் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

இரண்டு காலி டிரம்மையும் ஒரு கிழிந்த தார்ப்பாயையும் வைத்துத் திருவொற்றியூரில் லாரி ஷெட் போட்டவன் நான். தவளைகூட வாடகைக்கு வர மறுத்த சதுப்பில் மூன்று மாடி எழுப்பியவன் நான். "இங்கே எடை மேடை கட்டினால் முழுகிவிடும்" என்று படித்த இஞ்சினீயர்கள் இரண்டு பேர் கைவிரித்த இடத்தில் எடை மேடை கட்டி, லாரியை ஏற்றி நிறுத்தி, அந்த இஞ்சினீயர்களையும் ஏற்றி நிறுத்திக் காட்டியவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் இது. ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். அதனால் பத்தாவது வரை படித்ததாகவே கணக்கு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் என்றால் ஏதோ ஜோசியம் பார்க்கிற பெட்டி என்று எங்கள் தெரு நினைத்திருந்த காலத்தில், நெடுஞ்சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து, வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியவனும் நான்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு எழுபது வயதாகிறது என்று எங்கள் வியாபாரிகள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. அதில் என் சாதனைகள் ஏழு அச்சாகப் போகின்றன. பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆறு பழுதில்லை. ஏழாவதுதான் தூங்கவிடாமல் அறுக்கிறது. அந்த ஏழாவதைச் சொல்ல வேண்டுமென்றால் லப்பருவைச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரைத் தொட்ட அத்தனை மனிதர்களையும் ஒரு தட்டிலும் லப்பருவை மட்டும் இன்னொரு தட்டிலும் நிறுத்தினால், லப்பரு தட்டுதான் கீழே இறங்கும். என் எடை மேடையிலேயே நிறுத்திப் பார்க்கலாம். ஆள் நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். ஆனாலும் இறங்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை எங்கள் பக்கம் லப்பர் என்போம். அது ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். அதுதான் அவன் ஆயுதம், அவன் மருந்து, அவன் பெயர். கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் பீப் பீப் என்று அழுகிறதா? மூடியைக் கழற்றுவான். ராம் என்ற பச்சைத் தகட்டை உருவுவான். அதன் ஓரத்தில் வரிசையாக மின்னுகிற பித்தளைப் பற்களைக் குழந்தைக்குப் பல் துலக்குகிற மாதிரி லப்பரால் தேய்ப்பான். கருப்பாக ஒரு பொடி உதிரும். திரும்பச் செருகிப் பொத்தானைத் தட்டுவான். பெட்டி ஓடும்.

"கடல் காத்து நைனா. மனுசன் எலும்பையே அரிக்குது, இது வுட்டுடுமா?" என்பான்.

வயதில் அவனைவிட இருபது வருடம் பெரியவன் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் நைனா. அவனுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ஸ்பானரை யாராவது பெயர் கேட்பார்களா? அப்படித்தான் அவனை வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவான். கேரியரில் ஒரு பிஸ்கட் டின். அதில் ஸ்க்ரூ, ஒயர், பொத்தான் மாதிரி வட்ட பேட்டரிகள். ரிப்பேருக்கு எடுத்துப்போகிற பெட்டியைக் கேரியரில் பழம்புடவையால் சுற்றிக் கட்டி, பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவன் மாதிரி பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து மிதிப்பான். பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துத் தொண்டை கிழியும். "போறியா இல்லியாடா?" என்று கிளீனர் கத்தினால், "உள்ள உசுரு கீது, மெதுவாதான் போவேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வான்.

அவனுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பெட்டிக்குள் சேர்ந்த தூசியை வாயால் ஊதித்தான் எடுப்பான். கன்னம் இரண்டும் புடைக்க ஒரு ஊது. கரும்புகை மாதிரி கிளம்பி அவன் முகத்திலேயே விழும். பிறகு நாக்கு நுனியால் உதட்டைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான்.

"இது எண்ணூர் பவர் ஹவுசு சாம்பலு. அப்பால கொஞ்சம் லாரிப் பொக. அடியில உப்பு. இன்னா நைனா, இந்த வாரம் வடக்கு ஜன்னல தொறந்து வெச்சியா?"

திறந்துதான் வைத்திருந்தேன்.

என் சென்டரில் டைப் அடிக்கும் கலா ஒருநாள் அவனைச் சோதிக்கவென்றே காசிமேட்டிலிருந்து வந்த பெட்டியை எங்கள் பெட்டி என்று சொல்லி நீட்டினாள். ஊதினான், நாக்கைத் தொட்டான். "வஞ்சிரம் வெட்டுற எடத்துல இருந்த பொட்டிய இங்க கொணாந்து ஏமாத்துறியா?" என்றான். அன்றிலிருந்து கலா அவனுக்கு டீ வாங்கித் தரும்போது சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்வாள்.

"ஊதுறதுக்கு மிஷின் விக்குதே, வாங்கித் தரட்டுமாடா?" என்று நானே கேட்டேன்.

"அதுக்கு ருசி தெரியாது நைனா" என்றான்.

கடைத் தெருவில் ஒரு அரிசி மண்டி முதலாளி இருந்தார். அவர் கம்ப்யூட்டர் திடீரென்று செத்துப்போனது. லப்பரு போய் மூடியைக் கழற்றினான். உள்ளே, பவர் சப்ளை பெட்டியின் கதகதப்பில், எலி ஒன்று ஒயரைக் கடித்துக் கூடு கட்டி ஆறு குட்டி போட்டிருந்தது. ரோஸ் நிறத்தில், கண் திறக்காத குட்டிகள். லப்பரு மூடியைத் திரும்ப வைத்தான்.

"இன்னாடா, ஆச்சா?" என்றார் முதலாளி.

"பத்து பாஞ்சு நாளு ஆவும்."

"ஒயர் மாத்த பாஞ்சு நாளா?"

"ஒயரு அஞ்சு நிமிஷம். கண்ணு தொறக்கத்தான் பாஞ்சு நாளு. அது வரிக்கும் சுச்சு போடாத."

முதலாளி போட்ட கூச்சல் தேரடி வரைக்கும் கேட்டது. லப்பரு அசையவில்லை. பதினைந்து நாளும் காலையில் மண்டிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தான். முதலாளி பதினைந்து நாளும் நோட்டில் கையால் கணக்கு எழுதினார். பதினாறாம் நாள் குட்டிகள் போயின, ஒயர் மாறியது, பெட்டி ஓடியது. மண்டியில் எலி மட்டும் ஏழு கூடியது.

என்னையும் அவன் விட்டுவைத்ததில்லை. என் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தபோது, மூளையைப் போட்டு யோசித்து, பெரிய டிவி மாதிரி பதினேழு இஞ்சு மானிட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். அதே நத்தை இப்போது பெரியதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

லப்பரு பார்த்துவிட்டுத் தரையில் குந்திச் சிரித்தான். "லாரிக்கு முன்கண்ணாடி மாத்துனா மைலேஜு வருமா நைனா?"

"பின்ன இன்னாடா மாத்தணும்?"

"ஹார்ட் டிஸ்க்கு உன் குடோனு. அது பெருசாத்தான் கீது. ராமு இருக்குதே, அது சரக்கு எறக்குற மேடை. உன் மேடை முழம் அகலம். ஒரு மூட்டை எறக்கி உள்ள எடுத்துனு போனாத்தான் அடுத்த மூட்டை. மேடைய அகலமாக்கு, தானா ஓடும்."

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் இரண்டு வருடம் அடித்தும் ஏறாத மண்டையில் அது ஒரே மூச்சில் ஏறியது. ராமைக் கூட்டிப் போட்டான். பெட்டி பறந்தது. அன்றைக்கே எச்சரித்தான்: "குடோன்ல கீற சரக்கு மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்து சீடியில போட்டு வெய்யி. குடோனு ஒருநாள் தீப்புடிக்கும்." ஒரே சரக்கை இரண்டு இடத்தில் வைப்பவன் முட்டாள் என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னவன் நான்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் என் பெருமை ஒன்று இருந்தது. எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றுக்கு, அவர்கள் சங்கத்துக்காக, அடையாள அட்டை செய்து கொடுத்திருந்தேன். ஆளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேமராவில் படம் பிடித்து, பெயர் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் கொடுப்போம். இருநூறு முகங்களுக்கு மேல் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு எங்கேயும் இல்லை.

அதில் நூற்றுப் பதினான்காம் நம்பர் ஏகாம்பரம். ஸ்டூலில் உட்கார்ந்து, "சிரிக்கணுமா வேணாமா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் படம் ஆகிவிட்ட மனிதன்.

அவன் போன படகு ஒருநாள் திரும்பவில்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேர் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். ஏகாம்பரம் சேரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது; அதுவும் கடலோடு போனது. கரைக்கு வராதவனுக்கு, குப்பத்து வழக்கப்படி, படத்தை வைத்துத்தான் கருமாதி. படம் இல்லாவிட்டால் மாலை போடுவது எதற்கு, பொட்டு வைப்பது யாருக்கு, பிள்ளை விழுந்து கும்பிடுவது எந்தத் திசையில்? வீட்டிலிருந்த கல்யாணப் படமோ கூரை ஒழுகி எப்போதோ வெள்ளையாகிப் போயிருந்தது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது, அந்த வாரம் என் பெட்டிக்குள்ளிருந்து கர கர என்று ஒரு சத்தம். லப்பருவுக்குச் சொல்லி அனுப்பினேன். "நாளன்னிக்கு வரேன், அதுவரிக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று பதில் வந்தது. கை வைக்காதே என்று என்னிடம் சொல்வதா? முப்பது வருடம் லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டிய கை இது. உள்ளங்கை அகலப் பெட்டி, இதற்கு ஒரு நாளன்னிக்கா?

மறுநாளே ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். மூடியில் நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்கள். அதற்குச் சாவி என்னிடம் இல்லை. விட்டேனா? ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை அரத்தில் ராவி, முனையைச் சன்னமாக்கி, அடித்து இறுக்கித் திருகினேன். திறந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி வட்டத் தட்டு. குனிந்தேன், என் முகம் தெரிந்தது. நன்றாகவே இருந்தேன். சத்தம் போடுகிற எதற்கும் எங்கள் ஷெட்டில் ஒரே வைத்தியம்தான். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, நடுவில், தட்டு சுற்றுகிற அச்சில் விட்டேன். மூடினேன். மாட்டினேன்.

சத்தம் நின்றது.

"பாத்தியாம்மா?" என்று கலாவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "இதுக்குப் போயி ஒருத்தன் நாக்கெல்லாம் நீட்டிகினு கெடக்கான்."

அந்த அமைதி ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு உள்ளே யாரோ விரலால் கதவைத் தட்டுகிற மாதிரி டக், டக், டக். திரை நீலமானது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி என்னை யாரென்று கேட்கவில்லை.

மறுநாள் மதியம் லப்பரு வந்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனான். ஒரு தடவை முகர்ந்தான். மூடியைத் திருப்பி, தேய்ந்து நசுங்கிய ஸ்க்ரூத் தலைகளைக் கட்டைவிரலால் தடவினான். வாயைத் திறந்தான். அதே நொடியில் வாசலில் ஏகாம்பரத்தின் மனைவி அஞ்சலையும் அவள் கொழுந்தனும் வந்து நின்றார்கள்.

அஞ்சலைதான் பேசினாள். "நாளைக்கு காலையில காரியம். அது படம் ஒண்ணு உங்க பொட்டியில கீதாமே. பெருசா போட்டுக் குடுங்க" என்றாள்.

கலா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் கலாதான் மெல்லிய குரலில், "ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சுக்கா" என்றாள்.

"கெட்டுப்போச்சுன்னா?" என்றான் கொழுந்தன். வலை இழுத்து இழுத்துக் கயிறான கை அவனுக்கு. "இருந்த படம் எப்டி கெடும்? எவன் கை வெச்சான்?"

லாரி, எடை மேடை, மூன்று மாடி, எல்லாவற்றுக்கும் "நான், நான்" என்று முந்திக்கொண்டு நிற்கிற வாய் இது. அன்றைக்கு அது திறக்கவில்லை. பெரிய கடை, பெரிய போர்டு, வாசலில் கூடி நிற்கிற ஜனம். நான் தரையைப் பார்த்தேன்.

லப்பரு என்னைப் பார்த்தான். பிறகு அஞ்சலையைப் பார்த்தான்.

"நாந்தாம்மா. சர்வீஸ் பண்றேன்னு தொறந்தேன். என் கைதான் தப்பாயிட்ச்சு."

பளார் என்று ஒரு அறை விழுந்தது. நாற்பத்தைந்து கிலோ மனிதன், பிரிண்டர் மேசையில் மோதி நிமிர்ந்தான். உதட்டோரம் லேசாகக் கிழிந்திருந்தது. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"அட்ச்சிட்டல்ல? இப்ப தள்ளு, வெளிச்சத்த மறைக்காத. நேரம் பூடுது" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கோடு தரையில் குந்திக்கொண்டான்.

அவன் கண்டுபிடித்தது இதுதான்: டிஸ்க் சூடாகிறவரை ஒன்றிரண்டு நிமிடம் ஓடுகிறது, பிறகு தட்ட ஆரம்பிக்கிறது. நன்றாகக் குளிர வைத்தால் அந்த ஒன்றிரண்டு நிமிடம் திரும்பக் கிடைக்கும். அதற்குள் ஏகாம்பரத்தை மட்டும் வெளியே இழுத்துவிட வேண்டும்.

"ஐஸு வேணும் நைனா. ஓடு."

என் கடை வாசலில் கன்னியம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ், ஐஸுக்கு மேல் வஞ்சிரம். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றிய டிஸ்க்கோடு போய் நின்றேன்.

"இன்னாய்யா இது? எம்மீனு மேல இரும்ப வெக்கற? கிராக்கி இன்னா நெனைக்கும்?"

"உள்ள ஏகாம்பரம் படம் கீது கன்னியம்மா."

கன்னியம்மா இரண்டு கையாலும் வஞ்சிரத்தை அள்ளிச் சாக்கின் மேல் எறிந்தாள், பெட்டி முழுவதையும் என் பக்கம் தள்ளினாள். "ஆழமா பொதைச்சு வெய்யி" என்றாள். வெயிலில் மீன் கிடந்தது. ஈ மொய்த்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

முதல் தடவை ஐஸிலிருந்து எடுத்து மாட்டியபோது டிஸ்க் விழிக்கவே இல்லை. இரண்டாம் தடவை விழித்தது, இருநூறு பெயர்களும் திரையில் வந்து நின்றன, அதற்குள் தட்ட ஆரம்பித்தது. மூன்றாம் தடவை அவசரத்தில் கலா தவறான வரியைத் தொட்டு, உயிரோடு நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நூற்றுப் பதிமூன்றாம் நம்பரை முழுசாக மீட்டுவிட்டாள். "அந்தாளு இன்னும் முப்பது வருசம் இருப்பான், அவன எதுக்கு இழுத்த?" என்று லப்பரு தலையிலடித்துக்கொண்டான். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சலை இருப்பது ஞாபகம் வந்து நின்றது.

ஒவ்வொரு தடவையும் நான் வாசலுக்கு ஓடினேன், ஐஸில் புதைத்தேன், எடுத்தேன், ஓடிவந்தேன். வேட்டி முழுக்க மீன் தண்ணீர்.

நான்காம் தடவை நூற்றுப் பதினான்கு நகரத் தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு வளர்ந்தது. பாதி. பாதிக்குக் கொஞ்சம் மேல். டக், டக். பிறகு உள்ளே கத்தியால் தகரத்தைக் கீறுகிற சத்தம். லப்பரு கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினான். "அவ்ளோதான்" என்றான். "இனிமே ஐஸு இல்ல, இமயமலைக்கே எடுத்துனு போனாலும் வராது."

வந்த அளவைக் கலா திறந்தாள். படம் மேலிருந்து கீழே விரிந்தது. எண்ணெய் தடவிய முடி. நெற்றி. கண்கள். மூக்கு. மீசையில் பாதி. அதற்குக் கீழே சாம்பல். வெறும் சாம்பல் நிறம், ஓரம் வரை.

அஞ்சலை திரைக்கு அருகில் போனாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கண்ணு கீதுல்ல. போதும்" என்றாள். "வாயி இல்லாட்டி இன்னா? குட்ச்சிட்டு வந்து என்னத் திட்டுன வாயி. அது கடலோடவே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த துண்டில் முகத்தை மூடிக்கொண்டு, படகு போன நாளிலிருந்து அழாததையெல்லாம் அழுதாள்.

லப்பரு கொழுந்தனிடம் சொன்னான்: "பெருசா போட்டுத் தரோம். கெட்டி மாலையா வாங்கு. மாலை விழுந்தா கீழ ஒண்ணும் தெரியாது."

மறுநாள் அப்படித்தான் நடந்தது. சாம்பல் நிறத்தைக் கதம்ப மாலை மறைத்துக்கொண்டது. ஏகாம்பரம் மாலைக்கு மேலே கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். குப்பத்துப் பெரியவர்கள் என்னை அழைத்து, ஓடி ஓடி ஐஸ் வைத்துப் படத்தை மீட்டவர் என்று ஊரறிய ஒரு சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். லப்பரு குப்பத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை உள்ளே விடவில்லை.

திரும்பும் வழியில், "ஏன்டா அப்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ கடை வெச்சிகீற நைனா. அத தூக்கிகினு ஓட முடியாது. என்னுது பிஸ்கட் டின்னு. வேற தெருவுக்குப் பூட்டா முட்ஞ்சி பூட்ச்சு."

அவன் கணக்கு தப்பு. தெரு மாறினான். பேச்சு அவனுக்கு முன்னால் போய் அங்கே குந்தியிருந்தது. "செத்தவன் மூஞ்சியவே பாதியாக்குனவன்டா" என்றார்கள். அரிசி மண்டி முதலாளிகூட வேறு ஆளைக் கூப்பிட்டார். நான் அவனுக்காகப் பேசாமல் இல்லை. "நல்ல பையன்தான்பா, அன்னிக்கு ஏதோ கை தவறிடுச்சு" என்று பத்துப் பேரிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கட்டியதிலேயே உறுதியான சுவர் அந்த ஒரு வாக்கியம்தான். அவன் அதற்கு வெளியே நின்றான்.

வேலை குறைந்தது, இருமல் கூடியது. கடைசியாக என் கடைக்கு வந்தபோது, ஊதக் கன்னத்தைப் புடைத்தவன் ஊத முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குக் கம்ப்யூட்டரின் பேட்டரி செத்து, தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போயிருந்தது. டின்னிலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டான். "பேட்டரி பூட்டா இது மொத தேதிக்கே ஓடிடுது பாரு நைனா. குட்த்து வெச்ச பொட்டி" என்றான். நான் ஊதுகிற மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கீது, புத்தி இல்ல" என்று அணைத்து வைத்தான்.

அடுத்த மழைக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். மூலக்கொத்தளம் இடுகாட்டில் ரிஜிஸ்டரில் எழுதப் பெயர் கேட்டபோது, நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் மனைவி சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனே திரும்பியிருக்க மாட்டான். மண் தள்ளும்போது எனக்குப் பின்னால் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்: "இவன்தான்பா, அஞ்சலை புருசன் படத்த கெடுத்தவன்."

அவனைப் பற்றிப் பூமிக்கு மேலே சொல்லப்பட்ட கடைசி வார்த்தை அது. நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் மனைவி பிஸ்கட் டின்னோடு வந்தாள். "நைனா பொருளு, நைனாகிட்ட குட்துடுன்னு சொல்ட்டு போச்சு" என்றாள். திறந்தேன். பழம்புடவைத் துண்டில் சுற்றி, அன்றைக்கு அவன் எடுத்துப்போன அந்த ஹார்ட் டிஸ்க். என் அரம் ராவிய டிரைவர் நசுக்கிய ஸ்க்ரூக்கள் அப்படியே இருந்தன. யாரிடமாவது ஒருமுறை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. என்னைக் குத்தவா திருப்பி அனுப்பினான், இல்லை, யார் கையிலும் சிக்காமல் பத்திரமாக என்னிடமே சேர்த்தானா? இத்தனை வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் லேசாக மீன் வாசம் அடிக்கிறது.

ஆகவே, சங்கத்துக்காரர்களே, மலரில் ஏழாவதாக "கடலில் மறைந்த மீனவரின் படத்தை மீட்டவர்" என்று நான் எழுதிக் கொடுத்தேனே, அதை அடித்துவிடுங்கள். மீட்டவன் லப்பரு. அவன் பெயருக்கு நேராக எழுதுங்கள். ஆனால் அந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை ஒருவரும் இதுவரை எனக்குக் கொடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அரத்தில் ராவியவன் நான். எண்ணெய் விட்டவன் நான். ஏகாம்பரத்தின் வாயை அழித்தவன் நான், என்னுடைய வாயைத் திறக்காதவனும் நான். இதை என் பெயரில், என் இனிஷியலோடு, மற்ற ஆறும் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் போட வேண்டும். என் பங்கு எனக்கு வந்தாக வேண்டும்.

இந்த மலர் வெளிவந்ததும் முதல் பிரதியோடு அஞ்சலை வீட்டுக்குப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.

டின்னில் அந்த லப்பரும் இருந்தது. கம்ப்யூட்டர் அழும் நாளில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். அது அவன் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருக்கிறது. என் விரல் அதில் உட்கார மாட்டேன் என்கிறது.